அணைக்காமல் துடைத்தவள்

பளிச்சம்மா தன் மகளின் கன்னத்திலிருந்த மச்சத்தைத் துடைத்து எடுத்த காலையில் தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. மகள் அப்போது கடலுக்கு அந்தப் பக்கம், விமானம் ஏறினாலும் ஒரு பகலும் ஒரு இரவும் பிடிக்கிற ஊரில், ஒரு கப்பல் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டாள். டேப்லெட் சமையல் மேடைமேல் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நின்றது. பளிச்சம்மா பேச்சோடு பேச்சாக ஈரத்துணியை எடுத்து, மகளின் இடது கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புப் புள்ளியை ஓர் அழுத்து அழுத்தித் துடைத்தாள். புள்ளி துணியோடு வந்துவிட்டது. அங்கே மகள் கன்னத்தைத் தடவிக்கொண்டு, என்னவோ சில்லென்று பட்டது என்றாள். சோப்பு வாசனை அடிக்கிறது என்றும் சொன்னாள். ஈ அசிங்கம் பண்ணி வைத்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன், மூக்குக்கண்ணாடி போட்டிருக்கவில்லை என்று பளிச்சம்மா பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். கண்ணாடி அவள் நெற்றிமேல்தான் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த மச்சம் அவள் கணவர் வீட்டு வழி வந்தது. நாத்தனாருக்கும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தது. தான் சுமந்து பெற்ற பிள்ளையின் முகத்தில் நாத்தனார் கையெழுத்துப் போட்டு வைத்ததுபோல இருக்கிறது என்று இருபத்தாறு வருஷமாக அவளுக்கு ஒரு மனக்குறை.

பளிச்சம்மா என்பது தெரு வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். அந்த வீட்டில் டிவி ரிமோட்டில் எண்கள் கிடையாது, துடைத்துத் துடைத்து எல்லாம் போய்விட்டன. கணவர் சேனலை விரலால் தடவி, உத்தேசமாக அமுக்கிக் கண்டுபிடிப்பார். கம்ப்யூட்டரின் கீபோர்டை அவள் ஒருமுறை பக்கெட்டில் ஊறவைத்து, கசக்கி, கொடியில் காயப்போட்டாள். அது அதற்குப் பிறகு ஓர் எழுத்தை மட்டும் அடித்தது, அதையும் யாரும் கேட்காதபோதுதான் அடித்தது. டிவியின் கண்ணாடிமேல் நேராகவே ஸ்ப்ரே அடிப்பாள். தண்ணீர் வழிந்து அடியில் இறங்கியதில் இடது மூலையில் கருமேகம் ஒன்று நிரந்தரமாகக் குடியேறி, செய்தி வாசிப்பவரின் முழங்கையை மறைத்தது. சுவிட்ச் போர்டை ஈரத்துணியால் துடைக்கப்போய் அது அவளைத் தூக்கிக் கதவோரம் எறிந்தபோது, கரண்டுக்கு அவ்வளவு திமிரா என்று கேட்டு, துணியை நன்றாகப் பிழிந்துகொண்டு மறுபடியும் போனாள். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரான அவள் கணவர், இதையெல்லாம் நாற்காலியில் இருந்தபடியே கண்டிப்பார். பிளக்கைப் பிடுங்கு, காய்ந்த துணியால் துடை, மருந்தைத் துணியில் அடி, கண்ணாடியில் அடிக்காதே என்று அவருக்கு எல்லா விதியும் தலைகீழ்ப் பாடம். எழுந்துபோய் ஒரு பிளக்கைப் பிடுங்கியதாக மட்டும் சரித்திரம் இல்லை.

டேப்லெட்டை வாங்கி அனுப்பியவள் மகள். அனுப்பும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "அம்மா, அணைச்சிட்டுத் தொடைம்மா. எரியும்போது தொடைக்காத." பளிச்சம்மாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "கடலுக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கிட்டு அணைச்சுக்கோன்னா எங்கடி அணைக்கறது?" என்றாள். "அணைச்சா உன் மூஞ்சி போயிரும். எது மேல தூசி இருக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்?" மகள் வாரம் ஒருமுறை வருகிற அந்த நேரத்தில் அவள் முகத்துமேல் ஒரு விரல் ரேகைகூட இருக்கக்கூடாது என்று, பேசப் பேசத் துடைத்துக்கொண்டே இருப்பாள். தாயின் பாசம் அப்படித்தான் வெளிப்பட்டது. துணி, கணவரின் பழைய பனியன். அதைவிட மெத்தென்ற துணி உலகத்தில் கிடையாது என்பது அவள் கட்சி.

மறுநாள் மகள் கண்ணாடி பார்த்துவிட்டுக் கூப்பிட்டு, "என் மச்சம் எங்கம்மா?" என்று கேட்டாள். பனியன் துணியின் ஓரத்தில் மிளகளவுக்கு அது உட்கார்ந்திருந்தது. சோப்பு போட்டும் போகவில்லை, கொதிக்கிற தண்ணீரில் போட்டும் போகவில்லை. நாத்தனார் சேதி கேட்டு ஆட்டோ பிடித்து வந்து, எங்கள் குடும்பத்து மச்சத்தை அழிக்க அண்ணிக்கு யார் உரிமை கொடுத்தது என்று வாசலில் நின்று கத்தினாள். கத்தி முடித்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, குரலை இறக்கி, தன் மோவாயில் இருக்கிற மருவை மட்டும் அப்படி எடுக்க முடியுமா என்று கேட்டாள். அவளைப் பக்கத்து அறைக்கு அனுப்பி, அங்கிருந்து வீடியோவில் கூப்பிடச் சொல்லி, பளிச்சம்மா ஒரே இழுப்பில் எடுத்துவிட்டாள். மரு போன மோவாயைத் தடவிக்கொண்டே நாத்தனார் தெருமுனை வரைக்கும் நடந்து போனாள். அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரமே வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. பளிச்சம்மா யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை, உள்ளே வருமுன் காலைத் துடைத்தால் போதும் என்றாள். அம்மைத் தழும்பு, மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம், கழுத்துச் சுருக்கம் எல்லாம் வந்தன. ஆனால் ஜனங்கள் தங்கள் முகத்தோடு நிற்கவில்லை. ஒருத்தி தன் மருமகளுக்கு வீடியோ போட்டு, அந்த மூக்கு நுனியில் இருக்கிற திமிரைக் கொஞ்சம் எடுத்துவிடுங்கள் என்றாள். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்திக்குப் பிறவியிலேயே ஒரு சந்தேகப் பார்வை. அதனால் மனிதர்கள் யாரும் ஒட்டமாட்டேன் என்கிறார்கள் என்று அழுதாள். பளிச்சம்மா அதையும் எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒருவனும் வீட்டுப்பாடம் எழுதவில்லை. சொன்ன காரணத்தையெல்லாம் அவள் நம்பினாள். ஒரே பையனின் மாமா அந்த வருஷத்தில் பலமுறை இறந்தார், ஆசிரியை ஒவ்வொரு முறையும் கண்கலங்கினாள். தெருமுனை ஸ்டூடியோக்காரர், பிழைப்பு போகிறதே என்று சண்டைக்கு வந்தார். "நான் படத்துல இருக்கறதத்தான் தொடைக்கறேன். நீங்க ஆளையே தொடைக்கறீங்க, இது அடுக்குமா?" என்றார். கேட்டுவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் விஷயத்தில்தான் அவளுக்குக் கைதவறியது. கூட்டத்துக்கு நேரமாகிறது என்று அவர் அவசரப்படுத்த, பளிச்சம்மாவும் துணியில் அடிக்கவேண்டிய ஸ்ப்ரேயை வழக்கம்போலக் கண்ணாடியிலேயே அடித்துவிட்டாள். தண்ணீர் வழிந்த வாக்கில் அவருடைய வாயும் இரண்டு விரற்கடை இடப்பக்கம் வழிந்து, காய்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அவர் கூட்டத்தில் பேசினால் பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவதுபோலத்தான் இருக்கும். எதிர்ப்பு வந்தால் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து வருகிறது என்பதால் அவர் புகார் எதுவும் கொடுக்கவில்லை. கணவர் மட்டும் அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எனக்கு இருக்கிற மூஞ்சி போதும், இதை வைத்துக்கொண்டே தலைமை எழுத்தர் ஆனவன் நான் என்று சொல்லிவிட்டார். துணி நிறையப் புள்ளியும் கோடுமாகச் சேர்ந்து, எவ்வளவு துவைத்தாலும் பார்க்கச் சகிக்காமல் போனது. அழுக்குத் துணியைக் கையால் தொடாத பளிச்சம்மா அதைப் பதவி இறக்கி, அடுப்படிக் கரித்துணியாக்கிவிட்டாள். தெருவின் பாதி முகம் சூடான பாத்திரம் இறக்கப் போனது. வேறொரு பனியனைக் கிழித்துக்கொண்டாள்.

கரித்துணி ஆகுமுன் அந்தப் பழைய துணி பார்த்த கடைசி வேலை ஓர் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதைச் சொல்லவேண்டும். பளிச்சம்மாவுக்கு மகளை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசை. பக்கத்துத் தெரு வங்கியில் ஆள் எடுக்கிறார்கள், மாடி அறை காலியாக இருக்கிறது, வந்துவிடு என்றாள். மகள் முடியாது என்றாள். அவள் முடியாது என்று சொல்லும்போது இரண்டு புருவத்துக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு மடிப்பு விழும். நடக்கத் தெரியாத வயசிலேயே, ஊட்டுகிற கையைத் தட்டிவிடும்போது விழுந்த மடிப்பு அது. பள்ளிக்கூடம் மாற்றியதும் அந்த மடிப்புதான், தனக்குப் பிடித்த படிப்பைப் படித்ததும் அதுதான், விமானம் ஏறியதும் அதுதான். "எத்தன தடவம்மா சொல்றது? என் இடம் இதுதான். முடியாதுன்னா முடியாது" என்று மகள் சொன்னாள், மடிப்பு ஆழமாக விழுந்தது, பளிச்சம்மா துணியைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு அதன்மேல் வைத்துத் தேய்த்தாள். ஈ என்றோ தூசி என்றோ இந்த முறை அவளே யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்துதான் செய்தாள். மடிப்பு வர அடம்பிடித்தது, மூன்று நான்கு தேய்ப்பு ஆனது. பிறகு மகளின் நெற்றி புதுத் தட்டுபோல வழவழவென்று ஆகிவிட்டது. "சரிம்மா" என்றாள் மகள்.

ஒரு பத்து நாள் பளிச்சம்மா தரையில் நடக்கவில்லை. சீக்கிரம் தூங்கு என்றால் சரிம்மா. முடியை வெட்டாதே என்றால் சரிம்மா. உன் அப்பா மாதிரி ஊதாரித்தனம் பண்ணாதே என்றால்கூட, அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்லாதே என்று பாயாமல், சரிம்மா. தாய் சொல்லைத் தட்டாத பெண் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லி, அவர்கள் பிள்ளைகளை ஓர் இளக்காரப் பார்வை பார்த்தாள். மகள் டிக்கெட் எடுத்தாள். மேலதிகாரி இப்போது போகக்கூடாது என்றார், சரி சார் என்று டிக்கெட்டை ரத்து செய்தாள். அம்மா ஏன் என்று கேட்டதும் சரிம்மா என்று மறுபடி எடுத்தாள். இப்படியே அந்த விமானக் கம்பெனி அவளுக்கென்று தனியாக ஒரு ஆளைப் போட்டது. அலுவலகத்தில் மற்றவர்கள் வேலையெல்லாம் அவள் மேசைக்கு நகர்ந்தது. உடன் தங்கியிருந்தவள் கட்டிலைக் கேட்டாள், பிறகு கம்பளியைக் கேட்டாள், மகள் இரண்டையும் கொடுத்துவிட்டுச் சமையலறைத் தரையில் படுத்து இருமினாள். இருமலுக்கு நடுவிலும் முகம் சிரித்தபடியே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த கணவர்தான் முதலில் சொன்னார்.

"இது நம்ம பொண்ணே இல்ல. நம்ம பொண்ணா இருந்தா இந்நேரம் நம்ம ரெண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்டிருப்பா."

"உங்களுக்கு அவ அடங்கி இருந்தாப் பொறுக்காது" என்றாள் பளிச்சம்மா. சொன்னாளே தவிர, அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்துப் பார்த்தாள். நீ வாங்கித் தந்த மிக்ஸி மட்டம் என்றாள். உனக்குக் கணக்கே வராது, எப்படித்தான் கணக்குப் பிரிவில் வைத்திருக்கிறார்களோ என்றாள். கடைசியில் ஆற்றாமை தாங்காமல், நீ பிறந்திருக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். மகள் சிரித்த முகம் மாறாமல் சரிம்மா என்றாள். பளிச்சம்மா எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

இடி அதற்கடுத்த வாரம் விழுந்தது. மகளுக்குக் கல்யாணம். அலுவலகத்தில் ஒருவன் கேட்டிருக்கிறான், சரி என்றிருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரரின் தம்பி கேட்டிருக்கிறான், அவனுக்கும் சரி என்றிருக்கிறாள். இருவருமே வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், சரி.

"ரெண்டு பேர்ல யாரடி உனக்குப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள் பளிச்சம்மா.

"நீ யாரச் சொல்றியோ அவங்கம்மா."

"ரெண்டு பேருமே மோசமானவனா இருந்தா?"

"சரிம்மா."

மகளைத் துடைத்துத் துடைத்து, மகளே இல்லாத அளவுக்குச் சுத்தம் செய்துவிட்டோம் என்று பளிச்சம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சுத்தமாகப் போய்விட்டாள் என்று தெருவில் சொல்வார்களே, அந்தச் சுத்தம். இனி யார் வேண்டுமானாலும் அவளைக் கையைப் பிடித்து எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம், கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பெற்றவளால் ஒன்றும் செய்ய முடியாது. மகளைப் போகாதே என்று சொன்னால் சரிம்மா என்பாள். அடுத்த நிமிஷம் அந்த இருவரில் ஒருவன் வா என்றால் சரி என்பாள்.

ஆனால் துடைப்பதில் அவளுக்குத் தெரியாத விஷயம் ஏதாவது உண்டா? இத்தனை வருஷத்தில் வேலைக்கு வந்த எத்தனை பேரை இந்த ஒரு குற்றத்துக்காக வாசலோடு அனுப்பியிருக்கிறாள்! அழுக்குத் துணியால் துடைத்தால் துணியில் இருக்கிற அழுக்கு துடைக்கிற சாமானில் ஏறும். அதனால்தான் அவள் தன் ஆயுளில் ஒரு நாளும் அழுக்குத் துணியால் எதையும் துடைத்தது கிடையாது. வியாழக்கிழமை, மகளை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கரித்துணியை எடுத்தாள். எண்ணெய், புகை, பால் பொங்கிய கறை, எல்லாவற்றுக்கும் அடியில் தெருவின் மச்சங்களும் மருக்களும். அதற்குள் மகளுடையது எது, மற்றவர்களுடையது எது என்று பிரிக்க வழியில்லை. அதை இரண்டு விரல் நுனியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அந்தத் துணியாலயா?" என்றார் கணவர்.

"பேசாம இருங்க" என்றாள். அவர் வாழ்க்கையில் முதல்தடவையாக நாற்காலியைவிட்டு எழுந்து வந்து, டேப்லெட் சரியாமல் பிடித்துக்கொண்டார்.

முதல் இழுப்பில் மகளின் நெற்றி முழுக்க அடுப்புக் கரி ஏறியது. அவள் சிரித்தபடி இருந்தாள். இரண்டாவது இழுப்பில் மச்சம் வந்தது, கண்ணுக்குக் கீழே வராமல் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. நாத்தனாரின் மரு மோவாயில் ஏறியதைப் பளிச்சம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், கையை நிறுத்தவில்லை. ஸ்டூடியோக்காரரின் கருவளையம் வந்தது. யாரோ ஒரு மருமகளின் மூக்குத் திமிர் வந்தது. ஆசிரியையின் சந்தேகப் பார்வை வந்ததும் மகள் முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்தி, அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். மடிப்பு மட்டும் வரவில்லை. போகும்போது அடம்பிடித்ததுபோலவே வரும்போதும் அடம்பிடித்தது. பளிச்சம்மா அழுதுகொண்டே தேய்த்தாள், வாடி, வந்துடுடி என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள், துணி கிழிந்து கட்டைவிரல் வெளியே வந்தது. அப்போது அங்கே இரண்டு புருவத்துக்கும் நடுவில், செங்குத்தாக, முன்னைவிட ஒரு நூல் ஆழமாக, அது விழுந்தது.

மகள் வாயைத் திறந்தாள். அதற்குப் பிறகு பேட்டரி தீரும்வரை அவள்தான் பேசினாள். யாரைக் கேட்டு என் நெற்றியில் கை வைத்தாய் என்று ஆரம்பித்து, டிக்கெட், கட்டில், கம்பளி, இருமல் என்று ஒவ்வொன்றாக எடுத்து, நீ பிறந்திருக்கவே வேண்டாம் என்று சொன்னாயே என்று வந்து நின்றாள். பளிச்சம்மா ஒவ்வொரு வசவுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, கரிக் கையால் கண்ணைத் துடைத்துத் தன் முகத்தையும் கரியாக்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மகள் பதிவு அலுவலகத்துக்குப் போய், இரண்டு மாப்பிள்ளைகளையும் எதிரெதிரே நிற்கவைத்து, புதிதாக வந்த அந்தச் சந்தேகப் பார்வையால் ஆளுக்கு ஒரு பார்வை பார்த்தாள். ஒருவனுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது அவன் வாயிலிருந்தே தானாக வந்துவிட்டது. இன்னொருவன் ஏதோ வேலை இருக்கிறது என்று போனான். கட்டிலும் கம்பளியும் திரும்பி வந்தன. மேசையில் இருந்த மற்றவர்கள் வேலை மற்றவர்கள் மேசைக்குப் போனது. மருவோடு இருக்கிற பெண்ணிடம் யாரும் விளையாட்டுக்கு வைத்துக்கொள்வதில்லை என்று அந்தக் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அவள் பிரிவுத் தலைவியானாள்.

தெருவில் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. டேப்லெட் ஓயாமல் ஈரம் பட்டுப் பட்டு ஒருநாள் தானாகவே அணைந்துவிட்டது, இது எதிர்பார்த்ததுதான் என்று கணவர் நாற்காலியில் இருந்து சொன்னார். ஜனங்கள் பழையபடி ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். மகள் கோபம் தீரவில்லை. பணம் வருகிறது, மருந்து வருகிறது, அப்பாவுக்கு மட்டும் போன் வருகிறது. பளிச்சம்மா காலையில் காய்கறிக்காரரின் வண்டியருகே நிற்பாள். பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வரும். ஒருத்தி தன் மகன் தினமும் கூப்பிடுகிறான் என்பாள், இன்னொருத்தி தன் மகள் தன்னைக் கேட்காமல் ஒரு சேலைகூட எடுக்கமாட்டாள் என்பாள். பளிச்சம்மா எல்லாம் கேட்டு முடித்து, தக்காளியைப் பையில் போட்டுக்கொண்டு, முகம் முழுக்கப் பெருமையோடு சொல்வாள்:

"எம்பொண்ணு எங்கூடப் பேசறதே இல்ல."